சீவலில் இல்லாத எண்ணெய்

ஜொவிட்டாவின் இடது கையில் அன்று காலை தோண்டிய கருமஞ்சள் துண்டு ஒன்று இருந்தது. வலது கையில், மூட்டையிலிருந்து எடுத்த காய்ந்த சீவல். இரண்டும் ஒரே பாத்தியில் விளைந்தவை. பச்சைத் துண்டை முகர்ந்தால் கற்பூர நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீரை வரவழைத்தது. சீவலை முகர்ந்தால் பழைய அட்டைப்பெட்டி வாசனை. இடையில் செய்ததெல்லாம் கழுவியது, சீவியது, நிழலில் காயவைத்தது மட்டும்தான். ஒரு பொட்டு வெயில் படவில்லை. பிறகு வாசனை எங்கே போயிற்று?

யோசிக்கலாம் என்றால் கஸ்தூரிரங்கன் விடவில்லை. அவள் சீவலைக் கொடுத்திருந்த, தி.நகரில் மூலிகைத் தைலம் தயாரிக்கும் நிறுவனத்தில் சரக்கு வாங்குவது அவர் பொறுப்பு. வரவேற்பறையில் மாதிரியோடு காத்திருந்த செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகள் மூன்று பேர் காதிலும் விழும்படியே பேசினார்.

"நூறு கிராமுக்கு ஒரு மில்லியாவது எண்ணெய் வரணும் மேடம். உங்க சீவல்ல பாயிண்ட் மூணுதான் வர்றது. ஒண்ணு, எண்ணெய் எடுத்த சக்கையைக் கலந்திருக்கேள். இல்லேன்னா சமையல் மஞ்சள் மாதிரி வேகவெச்சிருக்கேள். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்கோ."

"கலப்படம் பண்ணேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலை. கருவி சொல்றது."

ஜொவிட்டாவுக்குக் காது மடல் சுட்டது. அபிராமபுரத்தில் சூடாமணி மாமியின் காலி மனையில் இருவரும் சேர்ந்து ஒன்பது மாதம் பாடுபட்ட பயிர் அது. பாதியைத்தான் தோண்டியிருந்தார்கள். மீதிக் கிழங்கின் இலைகளும் காய்ந்துவிட்டன. இரண்டு வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அந்தப் பாதியும் தேறாவிட்டால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடையாது. அதைவிட மோசம், கலப்படக்காரி என்ற பெயர். மருந்துச் சரக்கில் அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் வேறு எந்த நிறுவனமும் வாசற்படி ஏற்றாது.

"அந்தக் கருவியிலயே இந்தப் பச்சைக் கிழங்கையும் போடுங்க சார். நான் இங்கதான் நிப்பேன்."

கல்லூரி வேதியியல் கூடத்தில் இருபது ஆண்டுகளாக உதவியாளராக இருப்பவளுக்கு அந்தக் கருவி புதிதல்ல. குடுவையில் தண்ணீரோடு நூறு கிராம் சீவலைப் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். நீராவி மேலே போகும்போது எண்ணெயையும் தூக்கிக்கொண்டு போகும். குளிர்ந்து இறங்கும்போது தண்ணீர் அடியில் தங்க, எண்ணெய் மேலே மிதக்கும். கோடு போட்ட குழாயில் அதன் உயரத்தைப் படித்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரமும் அவள் உட்காரவில்லை.

நூறு கிராம் பச்சைக் கிழங்கிலும் பாயிண்ட் மூன்று.

"பாத்தேளா?" என்றார் கஸ்தூரிரங்கன். "கிழங்கே மட்டம்."

"கணக்கு தெரிஞ்சு பேசுங்க சார்! பச்சையில அஞ்சுல நாலு பங்கு தண்ணி. அரைக்கிலோ பச்சை காஞ்சாதான் நூறு கிராம் சீவல். அப்போ சீவல்ல ஒண்ணரை இருக்கணும். பாயிண்ட் மூணுதான் இருக்குன்னா, தோண்டின அப்புறம் அஞ்சுல நாலு பங்கு எண்ணெய் எங்கயோ போயிருக்கு."

"அதையேதான் நானும் கேக்கறேன். யார் எடுத்தா?"

விவசாயிகளில் ஒருவர் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

"மீதிப் பாதியோட வரேன்," என்று சொல்லிவிட்டு ஜொவிட்டா வெளியே வந்தாள்.

திருப்பி அனுப்பிய மூட்டைகளைச் சைதாப்பேட்டை வேலு தன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவளை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தான்.

"இன்னாக்கா, மூஞ்சி தக்காளி மாரி கீது?"

"வாசனையே இல்லையாம். திருடின்றான்."

"வாசன இல்லியா? மாமி வூட்டுத் தெருவுல திரும்பும்போதே தைல டப்பால மூக்க வுட்ட மாரி கீது. மூட்டையாண்டதான் ஒண்ணியும் காணோம். தெருவுக்கு ஓசில சப்ளை பண்ணிக்கினு கீறியா?"

"வாயை மூடிட்டு ஓட்டு, வேலு."

அவளுக்குள் வேறொரு சந்தேகம் வளர்ந்துகொண்டிருந்தது. காயவைக்கும் வேலை மாமியுடையது. அபிராமபுரம் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. சனிக்கிழமையானதால் அடையாறு பள்ளியில் கணக்கு டீச்சரான சூடாமணி அரை நாள் வகுப்பை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"மாமி, உண்மையச் சொல்லுங்க. சீக்கிரம் காயட்டும்னு வேகவெச்சீங்களா?"

"என்னடி கேக்கறே? எங்காத்துல மஞ்சப்பொடியே கடையில வாங்கறது. நான் எதைப் போய் வேகவெப்பேன்? காத்தால ஆறரைக்குப் பொரட்டிட்டுப் போறேன், சாயங்காலம் வந்து மறுபடியும் பொரட்டறேன். கொட்டகைக்குள்ள வெயில் எட்டிப் பாக்கறதா? புறா அசிங்கம் பண்ணப்படாதுன்னு நாலு பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டிண்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். தெருவே மணக்கறதுன்னு எல்லாரும் கேக்கறா. நீ என்னை நிக்கவெச்சுக் கேக்கறியா?"

திருப்பிக் கத்த வாயைத் திறந்த ஜொவிட்டா அப்படியே நின்றாள். வேலு சொன்னதையேதான் மாமியும் சொல்கிறாள். தெருவில் மணக்கிற எண்ணெய் தெருவில் இருக்கிறது. சீவலில் இல்லை.

மனையின் மூலையிலிருந்த தகரக் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கினாள். உள்ளிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. கூடவே கற்பூர நெடி. கடைசித் தட்டுகள் இன்னும் அங்கே காய்ந்துகொண்டிருந்தன. வேலுவை விரட்டிக் கல்லூரிக்குப் போய் வெப்பமானி எடுத்து வந்தாள். வெளியே மாமரத்தடியில் முப்பத்தொன்று. கொட்டகைக்குள் தட்டின் நடுவே ஐம்பத்தொன்று.

காலையிலும் மாலையிலும் கொட்டகை குளிர்ச்சியாகத்தான் இருக்கும். உச்சி வேளையில் மாமி பள்ளியில் இருப்பாள், ஜொவிட்டா கல்லூரியில் இருப்பாள். அந்த நேரத்தில் உள்ளே கை வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. மேலே தகரம் காய்கிறது. கீழே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் தார்ப்பாய் அடைத்து நிற்கிறது. ஈரச் சீவலிலிருந்து கிளம்பும் ஆவி எண்ணெயையும் இழுத்துக்கொண்டு இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போகிறது. குடுவையில் மூன்று மணி நேரத்தில் நடப்பதைத்தான் கொட்டகை ஒன்பது நாள் நிதானமாகச் செய்திருக்கிறது.

கஸ்தூரிரங்கன் மேலிருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் இப்போது தன் மேலேயே வந்தது. இருபது வருஷம் அதே கருவியைக் கழுவிக் கவிழ்த்தவள்! தட்டின் விளிம்பை ஓங்கிக் குத்தினாள். சீவல்கள் சிதறின.

"என்னைத் திட்டினதுக்கு என்னடி சொல்றே?" என்றாள் மாமி.

"மன்னிப்பு அப்புறம் கேக்கறேன் மாமி. மொதல்ல தார்ப்பாய்க் கட்டைப் பிரிங்க."

அதிலிருந்து மூன்றாவது சனிக்கிழமை, மீதிப் பாதியின் சீவல் தி.நகரில் குடுவைக்குள் ஏறியது. அதே வரவேற்பறை. அந்த மூன்று விவசாயிகளும் தங்கள் மாதிரியின் முடிவு கேட்க வந்திருந்தார்கள். குழாயில் எண்ணெய் ஒன்று புள்ளி நாலில் வந்து நின்றது.

கஸ்தூரிரங்கன் சிரித்தார். "உங்க கிழங்கு நல்ல ஜாதின்னு எனக்கு அப்பவே தெரியும் மேடம்."

"அப்ப நீங்க சொன்னது கலப்படம். இவங்க முன்னாடிதான் சொன்னீங்க. தப்புன்னு இவங்க முன்னாடியே சொல்லுங்க."

"அதான் தேறிடுத்தே..."

"சொல்லுங்க சார். இல்லேன்னா சரக்கு வேலு வண்டியிலயே திரும்பும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கலப்படம் இல்லை. நான் சொன்னது தப்பு," என்றார். பிறகு, "அப்படி என்னதான் பண்ணினேள்?" என்று கேட்டார்.

அவருக்குச் சொல்ல அவளுக்கு மனமில்லை. அன்று தரையைப் பார்த்துச் சிரித்தவரின் மடியில் ஒரு பை இருந்தது. அதிலிருந்த சீவலில் இரண்டை எடுத்து முகர்ந்தாள். பழைய அட்டைப்பெட்டி.

"எங்கண்ணே காயவெச்சீங்க?"

"நிழல்லதாம்மா. தகர செட்டுக்குள்ள."

அந்த விவசாயியைப் பார்த்தே சொன்னாள்:

"நிழல் மட்டும் போதாதுண்ணே, காத்தும் வேணும். வேகவைக்காதீங்க. ரெண்டு பத்து ரூபா காசை அடுக்கின கனத்துக்குச் சீவுங்க. தகரத்துக்கு அடியிலயும் தார்ப்பாய்க்குள்ளயும் வேணாம். மரத்தடியிலயோ, ரெண்டு பக்கமும் ஜன்னல் திறந்த அறையிலயோ வலைத்தட்டுல பரப்புங்க, அடியிலயும் காத்து போகணும். புறா வந்தா வலை கட்டுங்க, தார்ப்பாய் கட்டாதீங்க. உச்சி வேளையில சீவலுக்கு நடுவுல வெப்பமானி வெச்சுப் பாருங்க, நாப்பதைத் தாண்டக்கூடாது. பத்து நாள் ஆகும். ஒடிச்சா படக்குன்னு ஒடியணும். அப்ப மூட்டை கட்டுங்க."