கையில் மாட்டிய காலுறை

குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் அறையில் காலுறைகள் காலுக்குப் போகாது. என் அறைத்தோழி அவற்றைக் கையில் மாட்டிக்கொண்டுதான் தூங்குவாள். முதல் தடவை பார்த்தபோது, சரியான கிறுக்கியோடு என்னைக் கோத்துவிட்டார்களே என்று விடுதிக் காப்பாளரை மனசுக்குள் திட்டினேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவளுக்கு எக்ஸிமா. வெயில் காலத்தில் அது இருக்கிற இடம் தெரியாது. குளிர் தொடங்கியதும் விரல் இடுக்கெல்லாம் சிவந்து, அரித்து, வெடித்து ரத்தம் கசியும். பூசிய மருந்து ராத்திரியில் துடைபடாமல் இருக்கப் பருத்திக் கையுறை வேண்டும். அதை வாங்க வசதியில்லாததால் பழைய பருத்திக் காலுறை.

நாங்கள் இருவரும் நர்சிங் படிக்கிறோம். ஒரு நாளில் எத்தனை தடவை கை கழுவுகிறோம் என்று எண்ண ஆரம்பித்தால் பைத்தியம் பிடித்துவிடும். இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு இந்தப் படிப்புக்கு வரலாமா என்று அவளிடம் நேராகவே கேட்டேன்.

"கை எனக்குத்தானே வலிக்குது? நீ ஏன் மூக்கை நுழைக்கற?" என்றாள்.

வகுப்பில் அவளுக்குக் 'களிம்பு' என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் கூசாமல் திரும்பிப் பார்ப்பாள். மருந்துக் கடையில் அழகழகான டப்பாக்கள் இருக்கும் அலமாரிப் பக்கமே போகமாட்டாள். குனிந்து, கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்கும் பெரிய டப்பா பெட்ரோலியம் ஜெல்லியைத்தான் எடுப்பாள். அதில் வாசனை கிடையாது, விலையும் குறைவு. குளித்ததும் உடம்பை ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் பூசிவிடுவாள். டப்பாவுக்குள் விரல் போகக்கூடாது, ஸ்பூன்தான் போகவேண்டும். ஒருநாள் அவசரத்தில் நான் விரலை விட்டுவிட்டேன். அன்றைக்கு அவள் பார்த்த பார்வையை என் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.

கல்லூரி மருத்துவர் இலவசமாகக் கொடுத்த மருந்தைச் சிவந்த இடத்தில் மட்டும், அவர் சொன்ன அளவுக்குப் போடுவாள். தீர்ந்துவிடுமே என்று கஞ்சத்தனமும் பண்ணமாட்டாள், சீக்கிரம் ஆறட்டும் என்று அப்பிக்கொள்ளவும் மாட்டாள். அறை ரொம்பச் சூடானால் தோல் காய்ந்துவிடும் என்று ஹீட்டரைக் குறைப்பாள். நான் பல் கிடுகிடுக்க எழுந்து கூட்டுவேன். அவள் மறுபடியும் குறைப்பாள். பாத்திரங்களை நான் கழுவுவேன், பதிலுக்கு என் சீருடைக்கு அவள் இஸ்திரி போடுவாள். இந்த ஏற்பாட்டில் எனக்குத்தான் லாபம், ஒத்துக்கொள்கிறேன்.

வார்டுப் பயிற்சி ஒரு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. அன்று வாசலிலேயே மேற்பார்வை சிஸ்டர் எல்லோருடைய கைகளையும் பார்ப்பார். ஆறாத வெடிப்பு ஒன்று இருந்தாலும் உள்ளே விடமாட்டார். முதல் நாளே திருப்பி அனுப்பப்படுகிறவள் அடுத்த வருடத்து மாணவிகளோடுதான் சேரவேண்டும். களிம்புக்கு ஒரு வருடம் தள்ளிப்போனால் உதவித்தொகை நின்றுவிடும். அது நின்றால் அவள் படிப்புக்கு முழுக்குத்தான்.

அதற்கு முந்தின சனிக்கிழமை பார்த்து அவளுடைய சித்தி வந்தார். அம்மா இல்லாத அவளை வளர்த்தவர் அவர்தான். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர், சும்மா உட்காரத் தெரியாது. நாங்கள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அறையைப் பெருக்கி, விரிப்புகளைத் துவைத்து, கூடவே காலுறைகள் அத்தனையையும் துணிக்கு நான் போடும் வாசனைத் திரவத்தில் முக்கி அலசிக் காயவைத்திருந்தார். வாசனைப் பொருள் பட்டால் அவள் கை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சித்தியிடம் அவள் அதைச் சொன்னதே இல்லை.

"மோந்து பாரு, எப்படி மணக்குது!" என்று அன்று படுக்கும்போது அவரே அவள் கையில் ஜெல்லி பூசி, சின்னப் பிள்ளைக்கு மாட்டிவிடுவதுபோல் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். நான் வாயைத் திறந்தேன். களிம்பு என் காலை மிதித்தாள். சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

காலையில் இரண்டு கையும் சுட்டதுபோல் சிவந்திருந்தன. சித்தி பஸ் ஏறும்வரை அவள் கோட்டுப் பைக்குள்ளிருந்து கையை எடுக்கவே இல்லை.

அறைக்கு வந்ததும் நான் கத்தினேன். "வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி!"

"எவ்வளவு ஆசையா மாட்டிவிட்டாங்க. கழட்ட மனசு வரல."

"படிப்பு போனா?"

"போகாது. நீ துணியைப் பிழி."

வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்தாள், மருந்து போட்டாள், மேலே ஜெல்லியைப் பூசினாள். நான் ஈரத்துணியைச் சுற்றி, அதன்மேல் காய்ந்த துணியைச் சுற்றினேன். ஞாயிறு முழுக்க இதே வேலை. கையைக் கட்டிப் போட்டிருந்ததால் சாப்பாட்டை நான்தான் ஊட்டினேன். அரிப்பு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் ஒரு தடவைகூடச் சொறியவில்லை. நானாக இருந்தால் சுவரில் தேய்த்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை கட்டை அவிழ்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. சிவப்பு அடங்கியிருந்தது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

"விரலை ஒட்டி வெச்சுக்கோ. பிரிச்செல்லாம் பாக்க மாட்டாங்க" என்றேன்.

அவள் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

குழந்தைகள் வார்டு வாசலில் வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் அவள். சிஸ்டர் அவள் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "சரி, உள்ள போ" என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் இவள் விரல்களை விரித்துக் காட்டினாள்.

"சிஸ்டர், இங்க ஒரு வெடிப்பு இருக்கு."

சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என் கண்ணுக்கே படலையே. நீயா எதுக்குக் காட்டின?"

"உள்ள இருக்கறது குழந்தைங்க, சிஸ்டர். ஏதாவது ஆச்சுன்னா அதுங்களுக்குச் சொல்லத் தெரியாது."

சிஸ்டர் அவள் கையை விடவில்லை. இத்தனை நாள் என்ன போட்டாள், எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று கேட்டார். அவள் ஸ்பூன் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"இது மூடற வரைக்கும் உன்னை உள்ள விடமாட்டேன்" என்றார் சிஸ்டர். களிம்பு தலையை ஆட்டிவிட்டு விலகப் போனாள். "எங்க போற? இங்கேயே நில்லு. அதுவரைக்கும் எல்லார் கையையும் நீதான் பாக்கணும். இதுவும் வார்டு வேலைதான், உனக்கு வருகைப் பதிவு உண்டு."

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. வரிசையில் அடுத்தது நான். சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். முந்தின நாள் முழுக்க அவளுக்கு ஊட்டிவிட்ட கை. அவள் முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

"நகம் நீளமா இருக்கு. வெட்டிட்டு வாங்க."

"ஏய், நான்தான்டி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"தெரியுது. வெட்டிட்டு வாங்க. அடுத்து யாரு?"

வாங்கவாம்! எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். நகவெட்டி கேட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினேன். பாதிப் படியிலேயே கோபம் போய்விட்டது. நாளைக்கு எனக்கென்று ஒரு குழந்தை பிறந்து, அது இப்படி ஒரு வார்டில் படுத்திருக்க நேர்ந்தால், வாசலில் இவள்தான் நிற்கவேண்டும் என்று நினைத்தேன்.