ஹாலுக்கு மட்டும்

"வண்டியைத் திருப்பச் சொல்லுங்க மாமா," என்றாள் நோரா.

காதில் விழாதவர்போல பெர்னார்ட் வாசலில் நின்று, ஆளுயர ஸ்பீக்கர்களை இறக்கும்படி மைக்செட்காரருக்குக் கை காட்டினார். பிரேசர் டவுனின் அந்தக் குறுகிய சந்தில் ஷாமியானா கட்டி நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் அவருடைய தம்பி, நோராவின் கணவன் லாயிட் கிடந்தான். முந்தைய நாள் காலை பல் துலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை.

"பாஸ்டர் வர்றாரு. சர்ச் கமிட்டி மொத்தமும் வருது. தெருவுல உக்கார்றவங்களுக்குக் கேக்க வேணாமா? நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு நோரா."

"அவரு செஞ்ச பெட்டி இருக்கு. அதுலதான் பாடுவோம்."

லாயிடின் மகள் பிரிஸில்லா டிவி ஸ்டாண்டின் மேல் அதை ஏற்கெனவே வைத்திருந்தாள். டிபன் பாக்ஸ் அளவே இருந்த ஆம்ப்ளிஃபயர். இரண்டு பக்கமும் புத்தக உயரத்தில் ஸ்பீக்கர்கள்.

மைக்செட்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அய்யோ, லாயிட் அண்ணா மனையா இது? முன்னாடியே சொல்றதில்லியா சார்? அவர் வீட்டுக்கு வந்து நான் செட் போடறதா? ச்சே!" செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஐஸ் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு பெர்னார்டிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

பெர்னார்ட் கோட்டின் பொத்தானைச் சரிசெய்தார். சாவு வீட்டில் சத்தம் போடுவது அழகல்ல.

இந்த வீட்டுக்கு அவர் வந்து இரண்டு வருடமாகிறது. அவருடைய எழுபதாவது பிறந்தநாள் ஸ்தோத்திரக் கூட்டத்துக்குப் பிறகு வரவில்லை. அதைத் தன் வீட்டு ஹாலில் நடத்துவதாகத்தான் முதலில் பேச்சு. அழைப்பு கூடக் கூட, பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றிவிட்டார். அன்றே லாயிட் சொன்னான்.

"அண்ணா, இந்தப் பெட்டிக்குள்ள இருக்கற போர்டுல கம்பெனிக்காரன் நூறு வாட்னு போட்டிருப்பான். நெசத்துல இருபது வந்தா பெரிசு. ஹால்ல கண்ணாடி மாதிரி பேசும், சூடாகாது, கார் பேட்டரியில கூட ஓடும். மைதானத்துல கத்தச் சொன்னா கிழிஞ்சிடும். வேற செட் எடுப்போம்."

"தம்பி இதே தொழில்ல இருக்கான், அண்ணன் வெளிய வாடகைக்கு எடுத்தான்னு பேச்சு வரணுமா? இதையே வை."

பாஸ்டர் பேசும்போது கடைசி வரிசையிலிருந்து "கேக்கல, கேக்கல" என்றார்கள். எந்த அளவுக்குக் கேட்கிறது என்று பார்க்க லாயிட் பின்னால் நடந்துபோனான். அந்த நேரத்தில் பெர்னார்ட் மேஜைக்குப் பின்னால் குனிந்து, பெட்டியின் வால்யூம் குமிழைக் கடைசிவரை திருப்பினார். யாரும் பார்க்கவில்லை. பாஸ்டரின் குரல் கரகரவென்று உடைந்து, வீறிட்டு, அடங்கியது. பிறகு ஒன்றுமில்லை.

"தம்பின்னு நம்பினேன்," என்று மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மட்டமான சாமானைக் கொண்டாந்து வெச்சு மானத்தை வாங்கிட்டான்."

ஓடிவந்த லாயிட் குமிழ் நின்ற இடத்தைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். "ஸாரிண்ணா," என்றான்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் கேரலுக்கு மைக் வைக்க சர்ச்சில் அவனைக் கூப்பிடவில்லை. வீட்டு ஜெபக் கூட்டங்களுக்கும் கூப்பிடவில்லை. கமிட்டியில் பேச்சு வந்தபோது பெர்னார்ட் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. பிரிஸில்லா மைக்கைப் பாஸ்டரிடம் கொடுத்தாள். ஹாலில் நின்றவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல விழுந்தது. சந்தின் திருப்பம் வரை அது எட்டவில்லை. எட்டாதவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக் கிட்டே வந்து போட்டுக்கொண்டார்கள். யாரும் "கேக்கல" என்று சொல்லவில்லை.

பாட்டு முடிந்ததும் கமிட்டியில் இருக்கும் அன்னா டீச்சர் முன்னால் சாய்ந்தாள்.

"ஏம்மா, நல்லாத்தானே பேசுது. அன்னைக்கு மைதானத்துல நின்னுபோனதுக்கு அப்புறம் அப்பா புதுசு செஞ்சாரா?"

"அதே பெட்டிதான் ஆன்ட்டி. அடாப்டர்தான் போச்சு. மறுநாளே மாத்திட்டாரு."

"அடப்பாவி மனுஷா! வந்து சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கலையே."

பிரிஸில்லா பெரியப்பா பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

பாஸ்டர் ஜெபம் முடித்துவிட்டு, குடும்பத்தின் மூத்தவர் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பார் என்றார். பெர்னார்ட் மைக்கை வாங்கிக்கொண்டு டிவி ஸ்டாண்டின் பக்கத்தில் போய் நின்று, இரவு தன் கையால் எழுதிய தாளைப் பிரித்தார். பிறந்த தேதி, ஞானஸ்நானம், திருமணம் எல்லாவற்றையும் நிமிர்ந்து நின்று வாசித்தார். அடுத்த வரி: 'மின்னணுத் துறையில் உயர் பதவி வகித்தார்.'

மூச்சு விடுவதற்காகக் கண்ணைத் தாழ்த்தியபோது ஆம்ப்ளிஃபயரின் மேல் ஒட்டியிருந்த காகிதம் தெரிந்தது. லாயிடின் சாய்ந்த கையெழுத்து. 'ஹாலுக்கு மட்டும். மூன்று மணிக்கு மேல் திருப்ப வேண்டாம்.' குமிழைக் கடிகார முள்ளைப் போலக் கணக்கு வைத்துச் சொல்வது அவன் வழக்கம். வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும், இது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று இப்படி எழுதி ஒட்டித்தான் கொடுப்பான் என்று நோரா ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

பெர்னார்ட் தாளை மடித்தார்.

"சின்னச் சின்ன ஆம்ப்ளிஃபயர் செஞ்சு கொடுத்தான். ரிப்பேர் பார்த்தான். அதான் அவன் வேலை," என்றார். தெருவிலிருந்து ஒருவர் எழுந்து வாசற்படி வரை வந்தார். "என் கூட்டத்துல அது நின்னுபோனது அவனால இல்ல. வேணாம்னு சொன்னான். முழுசா திருப்பினது நான். அவன் அந்தப் பக்கம் போனப்போ."

குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். இரண்டு வருடமாகத் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாதது, செய்தி வாசிப்பதுபோல ஒழுங்காக வாசலைத் தாண்டிப் போனது. இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று நின்றார். அவருடைய மூச்சு மட்டும் இரண்டு ஸ்பீக்கர்களிலும் சீராகக் கேட்டது.

பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினார். அன்னா டீச்சர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கை யாரிடம் கொடுப்பது என்று பெர்னார்ட் சுற்றிப் பார்த்தார். யாரும் கை நீட்டவில்லை.

நோரா முந்தானையால் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். முகம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பனி படர்ந்தது. மறுபடி துடைத்தாள்.