அரண்மனைத் தச்சன்

கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு அரண்மனை செட்டுகள் கட்டிய தச்சன் அய்யாதுரைக்கு அன்று ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் பரீட்சை. வேலை உண்டா இல்லையா என்று பட்டறை மேஸ்திரி ஷரஃபுதீன்தான் சொல்ல வேண்டும்.

அலமாரிக் கதவின் மூலைகள் பொருந்த, வெனீர் என்னும் மெல்லிய மரத்தாள் ஒட்டிய சட்டத்தை நாற்பத்தைந்து டிகிரியில் அறுக்க வேண்டும். அய்யாதுரை வெனீர் முகத்தைக் கீழே கவிழ்த்து மேஜை ரம்பத்தில் தள்ளினான். அடிப்பக்கம்தான் பிசிறடிக்கும் என்பதுகூடத் தெரியாத அரண்மனைக்காரன்! ஷரஃபுதீன் தடுக்காமல் வேடிக்கை பார்த்தார். விளிம்பு எலி கடித்தது போல வந்தது.

"தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது, பாய். கேமராவுல..."

"வூட்டுக்காரம்மா இன்னா, கிரேன்ல குந்திக்கினா அலமாரியப் பாக்கப் போறாங்க?"

பிசிறை அடைத்து மறைக்க அய்யாதுரை மரத்தூளைப் பசையில் குழைக்கத் தொடங்கினான்.

"வுடு. பார்சல் பெட்டி அடிக்க ஆள் வோணுமாம். அதுக்கு நீ போதும்."

அவன் கூசிப்போவான் என்று ஷரஃபுதீன் காத்திருந்தார்.

"அதுல வெனீர் கெடையாதே, பாய்?" என்று அய்யாதுரை நிம்மதியாகக் கேட்டான்.