மூன்று குன்று, ஒரு மைலோ டின்

1
இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகையிலிருந்து வந்தது. நான் பாத்திரம் கழுவிப் பிழைக்கும் ஊர் ஓர் எரிமலைத் தீவு. லீவு நாளில் மேலே ஏறினேன். நெருப்புக் குழம்பு ஓடி இறுகிய கருங்கல் வெளி. நடுவில் அது சுற்றிப்போய் விட்டுவைத்த துண்டுக் காடு. உள்ளே மாட்டிக்கொண்ட பூச்சிகள் தலைமுறை தலைமுறையாக மாறி வேறு இனமாகிவிட்டன என்றது பலகை.

எனக்கு எங்கள் ஊர் சிம்பாங் பூலாயின் சுண்ணாம்புக் குன்றுகள் ஞாபகம் வந்தன. கடல் இல்லாத தீவுகள். நத்தைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். குன்றுக்கும் குன்றுக்கும் நடுவே செம்மண், செம்பனைத் தோட்டம், நத்தையால் தாண்ட முடியாது. அதனால் குன்றுக்கு ஒரு நத்தை இனம்.

2
பவித்ரன் துணிச்சல் மிக்க ஒரு

(அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

பவித்ரன் குவாரியில் பாறை வெடிக்கத் துளை போடுபவன். பன்னிரண்டு வருடம். தங்கை தினேஸ்வரி காம்பார் பல்கலைக்கழகத்தில் நத்தை ஆராய்ச்சி செய்கிறாள். திங்கட்கிழமை, குவாரியின் மூன்று குன்றில் நடுக்குன்றுக்கு வெடி. அங்கே மட்டும் வாழும் நத்தை உண்டென்று காட்டினால், நிறுத்தச் சொல்லி மனுப் போடலாம். அவளை உள்ளே விடமாட்டார்கள். பொறுக்கி வரச் சொல்லி அண்ணனைக் கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மைலோ டின்னோடு வந்தான்.

"நடுக்குன்றுல கொஞ்சந்தான் கெடச்சுச்சு. பக்கத்து ரெண்டுலயும் பொறுக்கிட்டேன்."

"ஒரே டின்னுலயா?"

"நத்ததானே லா. சண்டையா போட்டுக்கும்?"

எள்ளளவு ஓடுகள். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"வகை பிரிச்சிருவேன். எது எந்தக் குன்றுன்னு யாருண்ணே சாட்சி?"

"மொகத்தப் பாத்தா தெரியாதா?"

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

3
இங்கேதான் எனக்குச் சந்தேகம். கைப்பிடிக் கல்லைத் தடவி எந்தக் குன்று என்று சொல்பவன் அவன். அவனுக்கா தெரியாது? குன்று நின்றால் அவன் வேலையும் நின்றுவிடும். தெரியாமல் கலந்தானா, தெரிந்தே கலந்தானா? எழுதுகிற எனக்கே பிடிபடவில்லை.

[ஒரு முடிவில் குன்று வெடித்தது. இன்னொன்றில் மனு ஜெயித்தது. இரண்டிலும் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டையும் கிழித்தேன்.]

4
தினேஸ்வரி அதைக் கேட்கவில்லை. மூன்று காலி டின்னும் ஒரு மார்க்கரும் எடுத்து வைத்தாள்.

"நாளைக்கு ஞாயிறு, குவாரி லீவு. மறுபடி போறியாண்ணே?"

மார்க்கர் மூடியைத் திறந்தான். மூடினான்.

"நீ சாப்ட்டியா?"

"மொத நீ சொல்லு."

"சாப்ட்டுட்டு சொல்றேன் லா."

இரண்டு தட்டு வைத்தாள்.

இத்தனை தூரத்திலிருந்து எனக்கு இவ்வளவுதான் தெரிகிறது. வாசிக்கிற நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவன் கை கழுவிவிட்டு வந்ததும், அவள் கேட்காததைக் கேளுங்கள். அதட்டாமல் கேளுங்கள்.