சேவல்களுக்கு ராசியில்லாதவள்

இந்த வருடம் எங்கள் சேவல்கள் அணி ஆடியதற்குப் பெயர் பேஸ்பால் என்றால், நான் பார்லரில் கத்தரிக்கோலை வைத்துச் செய்வதற்குப் பெயர் இருதய ஆபரேஷன். அக்டோபரில் பிடித்த தலைவலி, ஜனவரி வந்தும் விடவில்லை. அமெரிக்காவிலிருந்து மூன்று ஆட்டக்காரர்களை வரவழைத்தார்கள். ஒருவன் வயிறு சரியில்லை என்று ஓட்டல் அறையைவிட்டே வரவில்லை. இன்னொருவன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனான், போனவன் போனவன்தான். மூன்றாமவன் மட்டும் நன்றாக அடித்தான். நன்றாக அடிக்கிறான் என்பது தெரிந்ததும் அமெரிக்காவில் அவனுடைய பெரிய கிளப் அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

மேனேஜர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் பெயரைச் சொல்லி என் வாயை நான் கெடுத்துக்கொள்ள மாட்டேன். பந்து வீசுகிறவன் ஆறு இன்னிங்ஸ் அருமையாக வீசிக்கொண்டிருப்பான். அது அந்த மனிதருக்குப் பொறுக்காது. தொப்பையைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்து, அவனை அனுப்பிவிட்டு, ஓபிஸ்போவை இறக்குவார். ஓபிஸ்போவிடம் ஒரே ஒரு வித்தைதான் உண்டு. அடிக்க முடியாத அகலத்தில் நான்கு பந்துகளைப் போட்டு, எதிராளியை ஓசியில் முதல் பேஸுக்கு அனுப்பி வைப்பான். அடுத்தவனையும் அனுப்புவான். மூன்று பேஸும் நிறைந்தபிறகுதான் அவனுக்கு வியர்க்கவே தொடங்கும்.

சுறாக்களைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். பணக்கார அணி. வருடா வருடம் இறுதிச்சுற்று, வருடா வருடம் திமிர். இந்த முறையும் ஒரு வாரம் முன்பே இறுதிச்சுற்றுக்குள் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் அவர்களுக்கு ஒரே ஒரு ரசிகன்தான். அந்த ஒருவன் என் வீட்டுக்காரர் டானிலோவின் தம்பி ரதாமேஸ் என்பது என் தலையெழுத்து. இதே தெருவில் பிறந்து, இதே தெருவில் வாழைக்காய் வறுவல் தின்று வளர்ந்தவன். பதினோரு வயதில் ஒரு சுறா ஆட்டக்காரன் பந்து ஒன்றை அவனுக்குத் தூக்கிப் போட்டானாம், அதிலேயே விலைபோய்விட்டான். சேவல்கள் தோற்கிற மறுநாள் காலையில், என் பார்லர் வாசற்படியில் ஒரு கைப்பிடி மக்காச்சோளத்தைக் கொட்டி வைப்பான்.

"கோழிக்குஞ்சுங்களுக்குப் பசிக்குமே, அண்ணி" என்பான்.

இந்த வருடம் நான் பெருக்கித் தள்ளிய சோளத்தில் நிஜமாகவே ஒரு கோழிப்பண்ணை வைத்திருக்கலாம்.

அவன்தான் அந்தக் கணக்கை ஆரம்பித்தவன். எங்கள் தெருவில் எல்லோரும் ஆட்டம் பார்ப்பது சிப்ரியானுடைய மளிகைக்கடையில். கரண்டு போனாலும் அங்கே இன்வெர்ட்டர் இருக்கிறது, டிவி நிற்காது. அந்தக் கடைச் சுவரில் ரதாமேஸ் ஒரு நாள் சாக்பீஸால் இரண்டு கட்டம் போட்டான். ஒன்று, நான் உட்கார்ந்து பார்த்த ஆட்டங்கள். மற்றது, கல்யாணப் பெண்ணுக்குச் சடை அலங்காரம் என்று நான் வர முடியாமல்போன ஆட்டங்கள். முதல் கட்டம் முழுக்கத் தோல்வி. இரண்டாவது கட்டத்தில் ஒன்பதுக்கு ஏழு வெற்றி.

"எண்ணிப் பாருங்கப்பா, நான் சொல்லல, சுவரு சொல்லுது" என்றான் ரதாமேஸ். "சேவலுக்கு எதிரி சுறா இல்ல. எங்க அண்ணிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் பார்த்து ஜெயித்த ஆட்டங்களும் இருக்கின்றன என்று சொன்னேன். எது, எப்போது என்று கேட்டான். எனக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தோற்றது ஒவ்வொன்றும், எத்தனையாவது இன்னிங்ஸில் எந்த மடையன் பந்தைக் கோட்டைவிட்டான் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. ஜெயித்தது எதுவும் நிற்கவில்லை. பீர் பாட்டில் திறந்தபிறகு மற்றவர்களுக்கும் எதுவும் நிற்பதில்லை.

அதற்கடுத்து நான் உட்கார்ந்து பார்த்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நான் கடைக்குள் நுழைந்தால், யாராவது ஒருவர் வாய்க்குள்ளேயே "சாஃபா" என்று முனகுவார். பீடையைக் கண்டால் அது நம்மைத் தொடாமலிருக்க எங்கள் ஆட்கள் சொல்கிற வார்த்தை. முப்பத்திரண்டு வருடமாக இந்தத் தெருவில் எல்லோருக்கும் தலை வாரிவிடுகிறவள் நான். என்னைப் பார்த்து சாஃபா!

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டம். ஜெயித்தால் சேவல்கள் இறுதிச்சுற்றில் சுறாக்களோடு மோதலாம், தோற்றால் வீட்டுக்குப் போகலாம். அன்று காலை சிப்ரியானும், அடுத்த வீட்டு எரிடானியா அக்காவும் பார்லருக்கு வந்தார்கள். இரண்டு பேரும் உட்காரவில்லை. சிப்ரியான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பெல்கிஸக்கா, தப்பா எடுத்துக்காதீங்க..."

"தப்பா எடுத்துக்கத்தான் போறேன், சொல்லு."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்... கடைப்பக்கம் வராதீங்க."

"கடைக்கு வரலன்னா வீட்ல பாத்துக்கறேன்."

"வீட்லயும் வேணாம்" என்றார் எரிடானியா அக்கா. "ரேடியோவும் வேணாம்டி. போன்லயும் பாக்காத. உன் கையப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அக்கா, போன செவ்வாக்கெழமதான உங்க நரைக்கு நான் சாயம் போட்டேன்? அப்ப என் கை ராசியா இருந்துச்சா?"

"முடி வேற, ஆட்டம் வேற" என்றார், கண்ணாடியில் தன் தலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு.

டானிலோவைப் பார்த்தேன். பேஸ்பாலே பிடிக்காத மனிதர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஒரு நாள்தானே, விட்டுக்குடேன்."

ஒரு நாள்தானாம். இவருக்கு விளக்குவதற்குப் பதில் சுவரிடம் பேசலாம். நான் இல்லாமல் சேவல்கள் ஜெயித்துவிட்டால் அந்தச் சாக்பீஸ் கணக்கு வேதவாக்காகிவிடும். அப்புறம் சாகிறவரைக்கும் இந்தத் தெருவில் நான் ராசியில்லாதவள்தான். சிப்ரியான் கடையில் என் நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள். தோற்றால் என் பேர் தப்பிக்கும், ஆனால் சேவல்களின் கதை முடிந்துவிடும். பதினோரு வருடமாகக் கோப்பையைக் கண்ணால் பார்க்காத சேவல்கள். நான் எதை வேண்டிக்கொள்வது?

"சரி. பாக்கல. போங்க" என்றேன். சத்தியமும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

ஆட்டம் நான்கு மணிக்கு. மூன்றே முக்காலுக்கு பார்லர் ஷட்டரை இறக்கினேன். டானிலோ தூங்கப் போய்விட்டார். என் தலையை நானே நனைத்து ரோலர் சுற்றி, பெரிய டிரையரைத் தலைக்குமேல் கவிழ்த்து, முழுச் சூட்டில் போட்டேன். அதற்குள் உட்கார்ந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆல்டகிராசியா மாதாவிடம் "உன் இஷ்டம், தாயே" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். காது வெந்தது, மனது அதற்குமேல் வெந்தது. யார் வீசுகிறான்? யார் முதலில் அடிக்கிறான்? அந்தத் தொப்பைக்காரர் இன்றைக்கு என்ன கூத்து பண்ணுகிறார்? ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று. முடி காய்ந்து சருகாகிவிட்டது, நான் எழுந்திருக்கவில்லை.

அப்போது கரண்டு போயிற்று.

டிரையர் நின்றது. காதுக்குள் திடீரென்று தெரு முழுவதும் நுழைந்தது. மற்ற வீட்டு டிவிகள் எல்லாம் செத்துவிட்டதால் மொத்தத் தெருவும் சிப்ரியான் கடைக்கு ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. நான் இரண்டு கையாலும் காதைப் பொத்தினேன். சத்தியம் செய்தது பார்க்க மாட்டேன் என்றுதான். கேட்க மாட்டேன் என்றா சொன்னேன்? ரேடியோ கேட்க மாட்டேன் என்றேன், அவ்வளவுதான். கையை எடுத்தேன்.

என் தெருவை எனக்குத் தெரியும். 'ஆ' என்று நீளமாக வந்தால் பந்து உயரப் பறக்கிறது. 'ஆ' பாதியில் அறுந்தால் எதிராளி பிடித்துவிட்டான். மேஜையைத் தட்டினால் நம் ஆள் ஓடுகிறான். எட்டாவது இன்னிங்ஸில் மேஜை உடைகிற மாதிரி தட்டினார்கள். "நாலு மூணு! நாலு மூணு!" என்று கத்தினார்கள். நாம் முன்னால் இருக்கிறோம்! நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். இன்னும் மூன்று பேரை வெளியே அனுப்பினால் போதும். முதல் ஆள் போனான். இரண்டாமவன் போனான். அதற்கப்புறம் எரிடானியா அக்காவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"ஓபிஸ்போவா! அட நாசமாப்போறவனே, அவன எதுக்குடா எறக்கற!"

அந்த மேனேஜரை நான் நேரில் பார்த்தால் அவர் தலையில் ஒரு முடிகூட விட மாட்டேன். பிறகு நடந்ததை நான் பார்க்கவே வேண்டியதில்லை. ஒரு முனகல்: ஒருவன் ஓசியில் போகிறான். இன்னொரு முனகல்: இன்னொருவன். மூன்றாவது முனகலில் மூன்று பேஸும் நிறைந்துவிட்டன. இன்னும் ஒருவனை ஓசியில் அனுப்பினால் ஆட்டம் சமம். ஒரு அடி சரியாகப் பட்டால் எல்லாம் போச்சு.

"மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக்" என்று யாரோ சொல்வது கேட்டது. ஒரே ஒரு பந்து. அது அகலமாகப் போனால் ஆட்டம் சமம், என் பேர் தப்பிக்க ஒரு வழி உண்டு. நேராக வந்து அடிக்கிறவன் தவறவிட்டால் அவன் அவுட்; சேவல்கள் ஜெயிக்கும், நான் ராசியில்லாதவளாகவே இருக்க வேண்டியதுதான். கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். ஷட்டருக்குப் பக்கத்தில், ரோலர் சுற்றிய தலையோடு, என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஸ்ட்ரைக் போடுடா, சனியனே! நேரா போடுடா!"

போட்டான்.

தெரு வெடித்தது. சட்டி, பானை, மூடி எதையெல்லாம் தட்ட முடியுமோ அதையெல்லாம் தட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் என் ஷட்டரையும் தட்டினார்கள். தூக்கினேன். சிப்ரியான் உள்ளே பாய்ந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தான்.

"அக்கா, ஜெயிச்சது நீங்கதான்! ஓபிஸ்போ மூணு பேஸையும் நெரப்பினப்ப நான் செத்தேன்னு நெனச்சேன். அப்பதான் சொன்னேன், பயப்படாதீங்கப்பா, பெல்கிஸக்கா பாக்கலன்னு!"

"பைனல் ஏழு ஆட்டம்டி" என்றார் எரிடானியா அக்கா. "ஏழு நாளும் ஒனக்குச் சாப்பாடு என் வீட்லருந்து வரும். நீ இப்பிடியே உள்ள இரு, என் கண்ணு."

எவ்வளவு அன்பு! கைதிக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது. அவர்கள் ஆடிக்கொண்டே வெளியே போனபிறகு பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு ரதாமேஸ் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னடா, சுறாவுக்கு வயித்தக் கலக்குதா?"

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க உக்காந்து பாத்து சேவல் ஜெயிச்ச ஆட்டம் ஆறு இருக்கு. அத நான் சுவத்துல போடவே இல்ல. சும்மா வெளையாட்டுக்குப் பண்ணேன். யாராச்சும் கண்டுபிடிப்பாங்கன்னு பாத்தா, ஒருத்தனும் கண்டுபிடிக்கல. இப்ப ஒங்கள சிறையில வெக்கிற மாதிரி வெக்கிறாங்க. மனசு கேக்கல."

"ஆறா?"

"ஆறு. தேதி சொல்றேன். நவம்பர்ல மட்டும் மூணு."

எனக்கு அழுகையும் வந்தது, பக்கத்திலிருந்த சீப்பை எடுத்து அவன் மண்டையில் ஒன்று போடவும் தோன்றியது. இரண்டையும் செய்தேன். நான் ராசியில்லாதவள் இல்லை. ஆறு ஆட்டம்! இந்தப் பாவி ஒருவன் மறைத்ததை நான்கூட மறந்து, இரண்டு மாதமாக ராத்திரி விழித்துக் கிடந்து என்னை நானே சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"திடீர்னு என்ன மனசாட்சி? பாவம்னு தோணுச்சா, இல்ல என்னைய டிவி முன்னாடி உக்கார வெச்சா சுறாவுக்கு வசதியா?"

தலையைத் தடவிக்கொண்டான். "ரெண்டுந்தான் அண்ணி."

அந்த ஒரு விஷயத்துக்காக அவனை மன்னித்தேன். பொய் சொல்லவில்லை.

"வாங்க, இப்பவே போவோம். எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன். சுவத்தையும் அழிச்சிடறேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனேன். வெளியே மேளம் தொடங்கிவிட்டது. சிப்ரியான் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தான். பதினோரு வருடம் கழித்து ஆடுகிறான். ஒரு வருடம் சேவல்கள் ஒன்பது ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தபோது அவன் தாடியை எடுக்கவே இல்லை. அரிப்பு தாங்காமல் என்னிடம் எண்ணெய் கேட்டு வந்தான், நானும் கொடுத்தேன், ஆனால் கத்தரியைத் தொடவில்லை. ஜெயிக்கும்போது எதையும் மாற்றக் கூடாது. அது எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நான் நின்றுவிட்டேன்.

"என்ன அண்ணி?"

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத."

"எதுக்கு? அது பொய்னு ஒங்களுக்குத்தான் இப்பத் தெரியுமே."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"ஜெயிச்சிட்டாங்கல்லடா."

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். சுறாக்காரனுக்கு இது புரியாது, வருடா வருடம் ஜெயிக்கிறவனுக்கு எப்படிப் புரியும்? நான் தெருவில் இறங்கிப் போய், மேளத்தை நிறுத்தச் சொல்லி, ஏழு ஆட்டத்தையும் பார்க்க மாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து எரிடானியா அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.