உடலியங்கியலுக்கு ஒருத்தி

தமிழ்வாணி மதுரையில் விலங்கியல் மூன்றாம் வருடம் படித்தபோது, ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக்கரைசலில் வைத்துக் காட்டினார்கள். உடம்பு ஒருபக்கம் கிடக்க, இதயம் அதுபாட்டுக்குத் துடித்தது. மற்றப் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கைகழுவப் போய்விட்டார்கள். அவளும் தோழி இந்துப்ரியாவும் மட்டும் அது ஓயும்வரை நின்றார்கள்.

"யாரு சொல்லிடி இது துடிக்குது?" என்றாள் இந்து.

அன்றைக்கே முடிவானது. எம்.எஸ்ஸி.யில் விலங்கு உடலியங்கியல். கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் இருந்தது. ஹாஸ்டலில் ஒரே அறை, ஜன்னலோரம் யாருக்கு என்பதுவரை பேசிவைத்திருந்தார்கள். அது தொண்ணூற்றெட்டாம் வருடம்.

பரீட்சை முடிந்து, சேர்ந்தே விண்ணப்பிக்கலாம் என்று விளாங்குடியில் இருந்த இந்துவின் வீட்டுக்குப் போனாள். அடுக்களையில் இந்துவும் அவள் அம்மாவும் தங்கள் வீட்டுமொழியான சௌராஷ்டிரத்தில் மெல்லப் பேசிக்கொண்டார்கள். நடுவில் தன் பெயர் வந்ததைத் தவிர வாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. காபியோடு வந்த இந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் எம்.சி.ஏ.வுக்குப் போட்டுட்டேன்டி. இனிமே எல்லாமே கம்ப்யூட்டர்தான்னு அப்பா சொல்றாரு."

"எப்பப் போட்ட?"

"போன மாசமே. சொல்லணும்னுதான் இருந்தேன்."

காபி நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டு வாணி பஸ் ஏறினாள்.

வாடிப்பட்டிக்குப் பக்கத்து ஊர் அவளுடையது. சிறுவயதிலேயே அம்மா இறந்துவிட்டதால் வீட்டில் அப்பா கருப்பு மட்டும்தான். அவரும் விடிந்தால் குத்தகை வயலுக்குப் போய்விடுவார். அந்தக் கோடை முழுக்க அவள் யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை.

ஒரு மத்தியானம் எதிர்வீட்டு அன்னக்கொடி தன் ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஊறவைத்த அரிசியைத் தின்றுவிட்டு, அதன் வயிறு பானைபோல உப்பிக் கிடந்தது. மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இல்லையாம்.

"நீதேன் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறியே. பாருத்தா!"

வாணி ஆட்டின் விலாவில் கைவைத்தாள். உள்ளே அரிசி புளித்து அமிலமாகிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். என்ன செய்யவேண்டும் என்பதுதான் தெரியாது. அவள் கைக்கு அடியிலேயே ஆட்டின் மூச்சு வேகமாகி, திணறி, நின்றது.

"நா படிக்கிறது வைத்தியம் இல்லக்கா. ஆடு எப்படி உசுரோட இருக்குன்னு படிக்கிறது."

அன்னக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஏறிட்டாள். "அது உசுரோட இருந்தப்ப யாருக்குடி சந்தேகம் வந்துச்சு?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

நேர்முகத்தேர்வுக்குத் தனியாகத்தான் போனாள். ஏன் இந்தப் பாடம் என்று கேட்டார்கள். தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "எங்க ஊர்ல ஒரு ஆடு செத்துப்போச்சு சார். என் கையிலதான் செத்துச்சு. ஏன்னு எனக்குப் பாதிதான் தெரிஞ்சது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. இடம் கிடைத்தது.

ஊருக்குத் திரும்பி நேராக வயலுக்குப் போனாள்.

"கெடைச்சிருச்சுப்பா."

கருப்பு மண்வெட்டியை ஊன்றி நின்றார். "எம்புட்டு வருசம்?"

"ரெண்டு."

"அந்தக் கூட்டாளிப் புள்ளயும் வருதா?"

"இல்லப்பா. நா மட்டுந்தேன்."

அவர் வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன படிப்புன்னு கேட்டா நா என்னத்தச் சொல்ல?"

"ஆடு மாடு மூச்சு விடுறது, ரத்தம் ஓடுறது, எரை செரிக்கிறது... இதெல்லாம் எப்படி நடக்குதுன்னு படிக்கிறதுப்பா."

வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மனசில் நிற்கவில்லை. "நீ முன்னால போ தாயி. மடைய அடைச்சிட்டு வாரேன்" என்றார்.

ஜூலையில் அவர்தான் டிரங்குப் பெட்டியைச் சுமந்துவந்து பஸ்ஸில் ஏற்றினார். "புள்ள தனியாப் போகுது, பாத்துக்கங்கண்ணே" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, வண்டி கிளம்பும் முன்பே இறங்கி நடந்தார். நின்றிருந்தால் அழுதிருப்பார் என்று வாணி நினைத்தாள்.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பையை அதில் வைத்தாள். யாராவது வந்து உட்காருவார்கள் என்று தோன்றவும், எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திண்டுக்கல் தாண்டியும் யாரும் வரவில்லை.