அடிப்பூச்சு இல்லாத முதலை

ஏணி அக்கா சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவள். இருபத்திரண்டு வருடமாகத் தரையில் இருந்ததைவிட ஏணியில் இருந்த நேரம் அதிகம் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் சொன்ன நிறத்தை அடுத்தவர் சுவரில் அடித்துவிட்டு இறங்கி வந்துவிடுவாள். தன் மனதுக்குப் பிடித்த ஒரு கோட்டைக்கூட எந்தச் சுவரிலும் அவள் இழுத்ததில்லை. அந்த ஏக்கம் அவளுக்கு உண்டு, கண்ணுங்களா. வெளியே சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் குழந்தைகள் மருத்துவமனை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வார்டுக்குப் போகிற நீண்ட நடைவழியில் படம் வரைய ஆள் தேவை. எட்டு மாதிரிப் படங்களை இணையத்தில் உள்ள படிவத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி.

மகள் படிப்பை முடித்து வீட்டில் போட்டுவிட்டுப் போன டேப்லட் ஒன்று இருந்தது. ஏணி அக்கா மூன்று வாரம் அதையே மடியில் வைத்துக்கொண்டு கிடந்தாள். வெள்ளைத் திரை கண்ணைக் கூசுகிறது என்று முதல் நாளே பின்னணியை அணைத்துவிட்டாள். அப்புறம் கறுப்புக் கோட்டில், கண்ணுக்கும் கட்டுக்கும் மட்டும் வெள்ளை தீட்டி, எட்டு மிருகங்களை வரைந்தாள். காலில் வெள்ளைக் கட்டுப் போட்ட ஒட்டகச்சிவிங்கி, ஊசியைப் பார்த்து ஓட்டுக்குள் ஒளிந்த ஆமை, மருந்துக் கரண்டியைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்ட முதலை என்று ஒவ்வொன்றும் ஒரு நோயாளி.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு டேப்லட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கொழுந்தனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், நடுவில் ஒருவர் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு இடம். கொழுந்தன் நல்ல பிள்ளைதான். ஆனால் கேள்வி முடிவதற்குள் ‘தெரியும்’ என்று சொல்லிவிடுவான். அதனால் கட்டிய மனைவி உட்பட எல்லோருக்கும் அவன் ‘தெரியும்’தான்.

படிவம் ஜேபிஜி படங்களை மட்டும்தான் வாங்கும் என்றது. டேப்லட்டில் இருந்தவை எல்லாம் பிஎன்ஜி என்ற வேறு வகைக் கோப்புகள். ‘தெரியும்’ சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் கடைசி மூன்று எழுத்தை அழித்துவிட்டு ஜேபிஜி என்று அடித்தான். வேலை முடிந்தது என்று நாற்காலியில் சாய்ந்தான். படிவம் எட்டையும் திருப்பித் துப்பியது.

“டின் மேல நீலம்னு எழுதி ஒட்டினா, உள்ள இருக்கிற சிவப்பு நீலமாயிடுமா தம்பி?” என்றாள் ஏணி அக்கா.

அவனுக்குக் காது சிவந்துவிட்டது. இந்த முறை ஒழுங்காகவே செய்தான். மாற்றித் தரும் மென்பொருளைத் திறந்து, எட்டுப் படங்களையும் உள்ளே கொடுத்து, உண்மையான ஜேபிஜியாக வெளியே எடுத்தான். திறந்து பார்த்தால் எட்டும் கன்னங்கரேல் என்று கிடந்தன. ஒட்டகச்சிவிங்கி இல்லை, அதன் கால் கட்டு மட்டும் இருட்டில் தொங்கியது. முதலை இருந்த இடத்தில் இரண்டு வெள்ளைக் கண்கள் மிச்சம்.

மறுபடி மாற்றினான், மறுபடியும் கறுப்பு. கடிகாரம் மூன்று இருபது. மருத்துவமனைக்குப் போன் போட்டு இன்னும் ஒரு நாள் அவகாசம் கேட்டுப் பார்த்தார்கள், படிவம் நான்கு மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கொழுந்தன் இரண்டு கையையும் மேஜையில் வைத்துத் தலையைத் தொங்கப்போட்டான்.

“எனக்குத் தெரியல அண்ணி.”

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆனாலும் கலங்கி நின்றால் சுவர் காயுமா? டேப்லட்டை எடுத்து முதலையை உற்றுப் பார்த்தாள். அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிக் கட்டங்கள். மூன்று வாரமாக அவள் கண்டுகொள்ளாமல் விட்ட கட்டங்கள். அது என்ன என்று கேட்டாள். அங்கே ஒன்றுமே இல்லை என்பதற்கு அடையாளம் என்றான் அவன்.

“அப்போ இதுக்குப் பின்னாடி சுவரே இல்ல. சுவரை நிரவப் பட்டி பார்க்கல, அடிப்பூச்சுக்குப் பிரைமர் அடிக்கல, அந்தரத்துல வரைஞ்சு வச்சிருக்கேன். கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குக் கறுப்பை ஊத்திடுச்சு. கறுப்பு மேல கறுப்புக் கோடு எங்க தெரியும்?”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஜேபிஜிக்கு வெற்றிடத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது, எதையாவது போட்டு நிரப்பிவிடும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. படத்துக்கு அடியில் வெள்ளையாக ஓர் அடுக்கு விரித்துவிடலாம் என்றான்.

“வெள்ளை எதுக்கு? இரு.”

துணிப்பையைத் துழாவி நிற அட்டையை எடுத்தாள். அந்த நடைவழிக்குப் போன வருடம் இளம்பச்சை அடித்ததே அவள்தான். இரண்டு பூச்சு, நிறத்தின் எண் உட்பட நினைவில் இருந்தது. அட்டையில் அந்தப் பச்சைச் சதுரத்தைத் திரையோடு ஒட்டிப் பிடித்தாள். அவன் நிறத்தை நகர்த்தினான். கொஞ்சம் மஞ்சள் குறை என்றாள், இன்னும் கொஞ்சம், நிறுத்து. அட்டை எது திரை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எட்டுப் படத்துக்கும் அந்தப் பச்சையை அடியில் விரித்தார்கள், அதன் பிறகு மாற்றினார்கள். முதலை வாயை மூடிக்கொண்டு முழுசாக வந்து நின்றது. மூன்று ஐம்பத்தாறுக்குப் படிவம் எட்டையும் வாங்கிக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து, யார் வீட்டு மொட்டைமாடியிலோ நின்று அவள் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது மருத்துவமனை மேற்பார்வையாளர். மற்றவர்கள் படங்களெல்லாம் வெள்ளைத் தாளில் இருந்தனவாம். இவளுடையது மட்டும் அவர்கள் சுவரிலேயே நின்றதாம்.

“எங்க நர்ஸ் ஒருத்தங்க, இதை நம்ம சுவர்ல எப்போ வரைஞ்சீங்க, நான் பார்க்கவே இல்லையேன்னு கேட்டாங்கம்மா. அதுக்கப்புறம் நாங்க வேற படத்தைப் புரட்டல. திங்கக்கிழமை வந்துடுங்க.”

திங்கட்கிழமை காலை ஏணி அக்கா அதே நடைவழியில் அதே ஏணியை விரித்தாள். பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து முதலையின் மூக்கிலிருந்து வால்வரை கை எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுத்தாள். இருபத்திரண்டு வருடம் காத்திருந்த கோடு, கண்ணுங்களா, ஒரு நடுக்கம் இல்லை.

கடைக்கு லீவு விட்டு வந்த கொழுந்தன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகிற வருகிற நர்ஸ்களிடமெல்லாம், “இந்த முதலையை எனக்கு முன்னாடியே தெரியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஆமா, ரெண்டு கண்ணு மட்டும்” என்று மேலிருந்து குரல் வந்தது.